புரளியும் பொய்ப்பெயரும்
(கென்ய நாட்டு மண்மீட்புப் போர் பற்றிய சொற்பொழிவு)



ஆட்சிக்கு அஞ்சிய மக்களைப் பற்றி எழுதப்பெற்ற நூல்கள் எண்ணில. மக்களுக்கு அஞ்சிய ஆட்சியைப் பற்றி எழுதப்பெற்றவையோ மிகச் சில. அச்சமுற்ற ஆட்சி என்ன செய்யும் என்பதை அறிந்து வைத்திருத்தல் விடுதலை வேட்கையுடைய எவ்வினத்திற்கும் இன்றியமையாதது.

தொலைவான ஒரு மலைநாடு. அங்கே உழுதுண்டு வாழும் மக்கள். ஒருநாள் தலைநகரில் ஒரு புரளி கிளம்புகின்றது. 'அம்மலைச் சிற்றூர்களில் மறைவாக ஒரு படை திரள்கின்றதாம். நள்ளிரவில் கூடிச் சூளுரைக்கின்றார்களாம். ஆட்சியைக் கவிழ்க்கப் போகின்றார்களாம்' என்று வாய்க்கு வாய் அது பரவுகின்றது. சொல்பவன் கண்டவன் அல்லன், கேட்டவன். அவனுக்குச் சொன்னவனும் கேட்டவனே! எல்லா உரைகளும் 'ஆம்' 'ஆம்' என்னும் கேள்வியுருபிலேயே முடிகின்றன. ஆயினும் ஆட்சியாளர் காதுக்கு அஃது எட்டும்பொழுது 'ஆம்' என்பது உதிர்ந்துபோய்ப் புரளி செய்தியாகி, செய்தி சான்றாகி, சான்று தூக்குக் கயிறாகி விடுகின்றது.

இது கற்பனையன்று. கிழக்கு ஆப்பிரிக்கக் கென்ய நாட்டில் 1950-ஆம் ஆண்டுகளில் நடந்த வரலாறு. புரளி முழுப்பொய்யும் அன்று, முழு மெய்யும் அன்று என்பதே இவ்வரலாற்றின் அருமை. அதனாலேயே இதனை ஆழ்ந்து பார்த்தல் வேண்டும்.

மண் பறிபோன வகை

கென்யத்தின் நடுவிடத்து மேட்டுநிலம் குளிர்ந்தது, செழித்தது. அங்கு வழிவழியாக வாழ்ந்தவர்கள் கிக்கூயு இன மக்கள். 1895-இல் பிரித்தானியர் அந்நாட்டைத் தம் காப்பாட்சிக்குட்படுத்தினர். 1920-இல் நேரடிக் குடியேற்ற நாடாக்கினர். மேட்டுநிலத்தை 'வெள்ளையர் மேட்டுநிலம்' என்று பெயரிட்டு, வெள்ளைக் குடியேறிகளுக்கே உரித்தாக்கினர். அதன் விளைவு யாது? 1948 அளவில் பன்னிரண்டரை நூறாயிரம் கிக்கூயு மக்கள் ஏறத்தாழ 2,000 சதுர மைல் பரப்பில் நெருக்குண்டு கிடந்தனர். முப்பதாயிரம் வெள்ளைக் குடியேறிகளோ ஏறத்தாழ 12,000 சதுர மைல் நிலத்தைத் தம் கைக்கொண்டிருந்தனர்.

நிலம் இழந்தவன் தன் முன்னோர் நிலத்திலேயே கூலியானான். குடிசைக்கு வரி, தலைக்கு வரி. பணப்பயிராகிய குளம்பியை ஆப்பிரிக்கன் தன் விருப்பம்போற் பயிரிடுவதற்குத் தடை. கைவிரற் பதிவோடு கூடிய 'கிப்பண்டே' என்னும் அடையாளச் சீட்டை ஒரு மாழைக் கூட்டில் இட்டு ஆடவர் கழுத்தில் தொங்கவிட்டுக்கொண்டு நடக்க வேண்டும் என்று ஆணை. ஆட்டுக்குக் கட்டும் மணியை ஆளுக்குக் கட்டினர் எனின் மிகையாகாது.

இக்கொடுமைக்கு எதிராக அம்மக்கள் எடுத்த எடுப்பிலேயே வாளெடுத்தார்கள் அல்லர். 1924-இல் கிக்கூயு நடுவண் கழகம் கண்டனர். விண்ணப்பம் எழுதினர். சோமோ கென்யாட்டாவை 1929-இல் இலண்டனுக்கு விடுத்தனர். அவர் 1931-இல் மீண்டும் சென்று பதினைந்தாண்டுகள் அங்கிருந்து நூலும் கட்டுரையும் எழுதி முறையிட்டார். நிலக்குழு அமர்ந்தது, எழுந்தது, மேட்டுநிலம் வெள்ளையர்க்கே என்பது உறுதிப்பட்டது. 1940-இல் கழகமே தடைசெய்யப்பட்டது. வெளிப்படையாகப் பேசும் வாயை அடைத்தால், மறைவாகப் பேசும் வாய் திறக்கும் என்பது ஆள்வோர்க்கு விளங்கவில்லை.

பெயர் வைத்தவர் யார்?

கிக்கூயு மக்களிடையே சூள் என்பது பழவழக்கம். நில வழக்கிலும் ஊர் வழக்கிலும் சூளுரைத்தே உண்மை நாட்டுவர். நிலம் மீட்கும்வரை ஒன்றுபட்டு நிற்போம் என்னும் சூள், 1940-ஆம் ஆண்டுகளின் பிற்பகுதியில் குடிசைக்குக் குடிசை பரவிற்று. அது மறைவாகவே நிகழ்ந்தது என்பது மெய். பின்னர் அச்சுறுத்திச் சூள் வாங்கியதும் உண்டு. மறுத்தவரைத் துன்புறுத்தியதும் உண்டு. இவற்றை மறைப்பது வரலாறு ஆகாது.

ஆயின் வெள்ளையர் வீட்டு விருந்துகளிலும் செய்தித்தாள்களிலும் இச்சூள் எவ்வுருக் கொண்டது? பேய் வழிபாடு என்றனர். நாகரிகத்தைத் தாங்க மாட்டாத காட்டு மாந்தரின் வெறி என்றனர். கென்யாட்டா ஒருகால் மாசுக்கோ சென்று வந்தவர் என்பதைப் பிடித்துக்கொண்டு, பொதுவுடைமை நாட்டின் கை இதில் உள்ளது என்றும் சிலர் கூறினர். 1954-இல் கரோதர்சு என்னும் உளமருத்துவரைக் கொண்டு அரசே ஓர் ஆய்வறிக்கை எழுதுவித்தது. அதில் இவ்வெழுச்சி மண்ணிழந்த மக்களின் குறையாகக் காணப்படாமல், மாறும் காலத்தில் தடுமாறிய உள்ளத்தின் நோயாகவே காணப்பட்டது. நிலத்தைப் பறித்தவன் நலமுடையவன், பறிகொடுத்தவன் நோயாளி! எத்துணை நயமான மருத்துவம்!

இவ்வெழுச்சிக்கு இடப்பெற்ற பெயரைப் பாருங்கள். 'மௌ மௌ' என்று உலகமெல்லாம் அறிந்த அப்பெயருக்குக் கிக்கூயு மொழியில் பொருளே இல்லை. சூள் என்று பொருள்படும் 'மூமா' என்னும் சொல்லை வெள்ளையர் திரித்தொலித்தனர் என்பர் சிலர். 'வெளியேறு, வெளியேறு' என்று பொருள்படும் சொல்லைச் சிறுவர் எழுத்து மாற்றி விளையாட்டாகக் கூவியது என்பர் வேறு சிலர். எவ்வாறாயினும் போராடியவர்கள் தமக்குத் தாமே வைத்துக்கொண்ட பெயர் அஃதன்று. அவர்கள் தம்மை 'நிலமும் விடுதலையும் காக்கும் படை' என்றே அழைத்துக்கொண்டனர். அவர்தம் மொழியில் நிலமும் விடுதலையும் என்பதே போர்க்குரல்.

சொல்லின் ஆற்றலை அறிந்த தமிழர்க்கு இதனை விரித்துரைக்க வேண்டுவதில்லை. 'நிலவிடுதலைப் படை' என்றால் 'யாருடைய நிலம்? எவரிடமிருந்து விடுதலை?' என்ற வினா உடனே எழும். பொருளற்ற ஓர் ஒலியைப் பெயராக்கி விட்டாலோ வினாவே எழாது. அச்சம் மட்டுமே எழும். ஒரு மக்களின் போராட்டத்திற்குப் பகைவன் பெயர் வைத்துவிட்டால் பாதிப்போர் அங்கேயே முடிந்து விடுகின்றது.

கப்பெங்குரியாவில் நடந்த வழக்கு

1950 ஆகத்தில் 'மௌ மௌ' தடைசெய்யப்பட்டது. 1952 அக்டோபர் 7-இல் அரசு சார்பான தலைவர் வருகியூ சுட்டுக் கொல்லப்பட்டார். அக்டோபர் 20-இல் ஆளுநர் ஈவ்லின் பேரிங் நெருக்கடிநிலையை அறிவித்தார். அன்றிரவே கென்யாட்டாவும் பிறரும் தளைப்படுத்தப்பட்டனர்.

கென்யாட்டா அதற்கு இரு திங்கள் முன்னரே, ஆகத்து 24-இல், கியாம்பு என்னுமிடத்தில் பல்லாயிரவர் திரண்ட கூட்டத்தில் 'மௌ மௌ'வை வெளிப்படையாகக் கண்டித்துப் பேசியிருந்தார். புரளிக்குச் செவிசாய்த்தவர்க்கு அஃதும் சான்றாகவில்லை. 'வாய் ஒன்று சொல்கின்றது. உள்ளம் வேறொன்று சொல்கின்றது' என்றனர். பேசாதிருந்தால் உடந்தை, பேசினால் நடிப்பு. இத்தகைய வலையினின்று எவன் தப்ப இயலும்?

அவரையும் வேறு ஐவரையும் நாட்டின் வடமேற்கே ஒதுங்கிக் கிடந்த கப்பெங்குரியா என்னும் சிற்றூரில் வைத்து வழக்குசாவினர். நடுவர் தாக்கர். சான்றாயர் குழு இல்லை. வழக்காட இங்கிலாந்தினின்று பிரிட் வந்தார். இந்தியாவினின்று திவான் சமன்லால் சென்றார். நைசீரியாவினின்று டேவீசு வந்தார். கென்யத்திலேயே வாழ்ந்த இந்திய வழியினரான வழக்கறிஞர்களும் துணைநின்றனர். குற்றஞ்சாட்டப்பட்டவர்களின் மொழி ஒன்று. நடுவரின் மொழி மற்றொன்று. இடையே மொழிபெயர்ப்பாளராக நின்றவர் லூயி இலீக்கி. கிக்கூயு மக்களிடையே பிறந்து வளர்ந்த வெள்ளையர், அம்மொழி வல்லவர், ஆனால் இவ்வெழுச்சிக்கு எதிராக எழுதியும் வந்தவர். அவர் மொழிபெயர்ப்பு ஒருதலைச் சார்பானது என்று மறுப்பெழவே, அப்பணியினின்று விலகினார். உயிர் ஊசலாடும் மன்றத்தில் தன் சொல்லைத் தன் மொழியில் நேரே நடுவர் செவிக்கு உய்க்க இயலாதவன் நிலை என்னே!

1953 ஏப்பிரல் 8-இல் கென்யாட்டாவுக்கு ஏழாண்டுக் கடுங்காவல் அளிக்கப்பட்டது. இவ்வழக்கின் முதன்மைச் சான்றாளி இராவ்சன் மாச்சாரியா என்பவர். 1950-இல் கென்யாட்டா சூள் செய்விக்கக் கண்டதாக அவர் மொழிந்தார். 1958-இல் அவரே, தாம் கூறியது பொய் என்றும், இங்கிலாந்தில் கல்வி, குடும்பத்திற்குப் பணம், திரும்பியபின் அரசுப் பணி ஆகியவை தமக்கு உறுதியளிக்கப்பட்டன என்றும் எழுதிக் கொடுத்தார். உடனே அவர்மேல் வழக்குத் தொடுக்கப்பட்டது. முன்னர்ப் பொய்ச்சான்று கூறியதற்காக அன்று. 'பொய்ச்சான்று கூறினேன்' என்று பின்னர் எழுதிக் கொடுத்தது பொய் என்பதற்காக! அவர் சிறை சென்றார். கென்யாட்டா சிறையிலேயே இருந்தார்.

வள்ளுவப் பெருந்தகை ஒற்றாடல் என்று ஓர் அதிகாரமே வகுத்தார். ஓர் ஒற்றன் கொணர்ந்த செய்தியை மற்றோர் ஒற்றனைக் கொண்டு ஒத்துப் பாராமல் அரசன் நம்பலாகாது என்பது அதன்கண் உள்ள கோட்பாடு. ஈராயிரம் ஆண்டுகட்கு முன்னர்த் தமிழன் அறிந்திருந்த இவ்வாட்சி நெறியை, உலகுக்கே முறை கற்பிக்க வந்ததாகக் கூறிக்கொண்ட பேரரசு அறியவில்லை. அல்லது அறிய விரும்பவில்லை.

சாக்குத் தலையர்

தலைவர்களைச் சிறையிலிட்டால் எழுச்சி அடங்கும் என்று எண்ணினர். நேர்மாறாக, பல்லாயிரம் இளைஞர் அபர்தாரே மலைக்காட்டிலும் கென்ய மலைக்காட்டிலும் புகுந்தனர். புரளி எந்தப் படையைப் பற்றிப் பேசியதோ, அந்தப் படை அப்பொழுதுதான் உண்மையிலேயே காட்டில் உருப்பெற்றது. குழாயையும் தாழ்ப்பாளையும் கொண்டு கைத்துமுக்கி செய்தனர். வெளிநாட்டு உதவி எதுவும் அவர்களுக்கு இல்லை.

அவர்கள் கைகளும் குருதி படிந்தவையே. 1953 சனவரியில் ஒரு வெள்ளைக் குடும்பம் சிறு குழந்தையோடு வெட்டிக் கொல்லப்பட்டது. அவ்வாண்டு மார்ச்சு 26-இல் இலாரி என்னும் ஊரில் அரசு சார்ந்த குடும்பங்களின் குடிசைகள் கொளுத்தப்பட்டு எழுபதுக்கு மேற்பட்டோர் மாண்டனர். பெரும்பாலோர் பெண்டிரும் பிள்ளைகளும். நோக்கம் தூய்தாயினும் இச்செயலைத் தூய்தென்று எந்த அறநூலும் சொல்லாது. அதற்குப் பழிவாங்குவதாக அரசு சார்பினர் அவ்விரவிலும் அடுத்தடுத்த நாள்களிலும் கொன்றவர் தொகை அதனினும் மிகுதி என்பதையும் உடன்வைத்தே எண்ணுதல் வேண்டும்.

1954 ஏப்பிரல் 24-இல் தலைநகர் நைரோபி முழுவதையும் படை சூழ்ந்தது. கிக்கூயு இனத்தாரும் அவரோடு உறவுடைய இனத்தாரும் வரிசை வரிசையாக நிறுத்தப்பட்டனர். அவர்கள்முன் தலைமுதல் சாக்குப்பை போர்த்த ஓர் உருவம் நிற்கும். சாக்கில் இரண்டு துளைகள். துளைகளின் வழியே இரண்டு கண்கள். மக்கள் அவ்வுருவத்தைச் 'சிறுசாக்கு' என்று பொருள்படும் 'கக்கூனியா' என்னும் சொல்லால் அழைத்தனர். அது தலையசைத்தால் வரிசையில் நிற்பவன் சிறைக்கொட்டடிக்குப் போவான். சொன்னவன் யார் என்று கேட்க இயலாது. எதற்குச் சொன்னான் என்று கேட்க இயலாது. நிலத்தகராறா, பழைய பகையா என்று ஆராய இயலாது. புரளிக்கு உடம்பு முளைத்தால் அஃது இச்சாக்குத் தலையன் போன்றே இருக்கும்! இருபதினாயிரத்திற்கு மேற்பட்டோர் அவ்வொரு நடவடிக்கையில் மட்டும் அடைக்கப்பட்டனர்.

பின்னர்ச் சிற்றூர்கள் கலைக்கப்பட்டன. 1954, 1955 ஆகிய ஈராண்டுகளில் பத்து நூறாயிரத்திற்கு மேற்பட்ட மக்கள், முள்வேலியும் அகழியும் சூழ்ந்த எண்ணூற்றுக்கு மேற்பட்ட 'புதிய ஊர்'களுக்குள் துரத்தப்பட்டனர். காட்டிலுள்ளவர்க்கு ஊராரிடமிருந்து சோறு போகக்கூடாது என்பதற்காக ஊரையே சிறையாக்கினர்.

இந்தப் புதிய ஊர் முறை கென்யத்தில் பிறந்ததன்று. 1948-இல் நெருக்கடிநிலை அறிவிக்கப்பட்ட மலேயாவில் 1950 முதல் கையாளப்பட்டது. அங்கே வேலிக்குள் அடைபட்டவருள் பெரும்பாலோர் சீனராயினும், தோட்டத்துக் கூலிகளாகிய தமிழரும் தம் குடியிருப்புகளினின்று பெயர்த்து ஒருங்கு குவிக்கப்பட்டனர். மலேயத் தொழிற்சங்கக் கூட்டமைப்பின் தலைவரான தமிழர் கணபதி, படைக்கலம் வைத்திருந்ததாகக் குற்றஞ்சாட்டப்பட்டு 1949 மே 4-இல் கோலாலம்பூர்ப் புடுச் சிறையில் தூக்கிலிடப்பட்டார். கென்யத்துக் கயிறும் மலேயத்துக் கயிறும் ஒரே பேரரசு திரித்தவையே.

கென்யத்தில் 1,090 பேர் தூக்கிலேற்றப்பட்டனர் என்று வரலாற்றறிஞர் ஆண்டர்சன் வழக்குமன்ற ஏடுகளைப் புரட்டிக் கணக்கிட்டுள்ளார். அவருள் மிகப்பலர் கொலைக்காகத் தூக்கிலிடப்பட்டவர் அல்லர். படைக்கலமோ தோட்டாவோ வைத்திருந்தமைக்காகவும் சூள் செய்வித்தமைக்காகவும் அப்போராளிகளோடு கூடியிருந்தமைக்காகவும் உயிரிழந்தவர்கள். அரசே வெளியிட்ட கணக்கின்படி இறந்த வெள்ளைக் குடிமக்கள் 32 பேர். இறந்த போராளிகள் 11,000-க்கும் மேற்பட்டோர். காட்டுப்படைத் தலைவருள் ஒருவரான தெடான் கிமாத்தி 1956 அக்டோபரில் பிடிபட்டு 1957 பிப்ரவரி 18-இல் தூக்கிலிடப்பட்டார். அவர் உடல் உறவினரிடம் ஒப்படைக்கப்படவில்லை.

உண்மையான கமுக்கம் எங்கிருந்தது?

1959 மார்ச்சு 3-இல் ஓலா என்னும் சிறைக்கொட்டடியில் பதினொருவர் அடித்தே கொல்லப்பட்டனர். 'வண்டித் தண்ணீரைக் குடித்தபின் இறந்தனர்' என்று அரசு முதலில் அறிவித்தது. பிணவாய்வு அடிகாயங்களைக் காட்டிற்று. பிரித்தானிய நாடாளுமன்றத்தில் அவ்வாண்டு சூலை 27-இல் ஆளுங்கட்சியினரான ஈனாக் பவலே எழுந்து, ஆப்பிரிக்காவுக்கு ஓர் அறம், இங்கிலாந்துக்கு வேறோர் அறம் இருத்தலாகாது என்று இடித்துரைத்தார். பிற இனத்தார் குடியேற்றத்தைப் பின்னாளில் கடுமையாக எதிர்த்தவர் அவர். அவருக்கே இக்கொடுமை பொறுக்கவில்லை.

கென்யத்து அரசு வழக்குரைஞர் கிரிபித்து சோன்சு 1957-இலேயே, சிறைக்கொட்டடிகளில் அடித்துப் பணியவைக்கும் முறைபற்றி ஆளுநருக்கு எழுதினார். நாம் தீவினை செய்தேயாக வேண்டுமெனின் அதனை ஓசையின்றிச் செய்தல் வேண்டும் என்பது அவர் எழுத்தின் கருத்து. மறைவாகக் கூடியவர்கள் மலைக்காட்டு உழவர் என்றல்லவா புரளி எழுந்தது? மறைவாகச் சூழ்ச்சி செய்தவர்கள் மாளிகையில் இருந்தவர்களே!

1963 டிசம்பர் 12-இல் கென்யம் விடுதலை பெற்றது. அதற்குமுன் ஏடுகள் பல எரிக்கப்பட்டன. எஞ்சியவை கப்பலேற்றி இங்கிலாந்துக்குக் கொண்டுபோகப்பட்டன. கொடுந்துன்புறுத்தலுக்குள்ளான முதியோர் ஐவர் 2009-இல் இலண்டனில் வழக்குத் தொடுத்தனர். அதன் விளைவாக 2011-இல், ஆன்சுலோப் என்னுமிடத்தில் ஐம்பதாண்டுகளாக ஒளித்து வைக்கப்பட்டிருந்த அவ்வேடுகள் வெளிப்பட்டன. 2013 சூன் 6-இல் பிரித்தானிய அயலுறவு அமைச்சர் வில்லியம் ஏக் நாடாளுமன்றத்தில், அம்மக்கள் துன்புறுத்தப்பட்டமையை ஒப்புக்கொண்டு வருந்தினார். 5,228 பேர்க்கு, வழக்குச் செலவுட்பட, 1 கோடியே 99 இலக்கம் பவுண்டு வழங்க உடன்பட்டனர். 'மௌ மௌ' மீதிருந்த தடையைக் கென்ய அரசே நீக்கியது 2003-இல்தான். விடுதலை பெற்று நாற்பதாண்டு கழித்து!

1960-இல் ஆளுநர் இரெனிசன், கென்யாட்டாவை இருளுக்கும் சாவுக்கும் வழிகாட்டும் தலைவர் என்றார். அதே கென்யாட்டா 1963 ஆகத்து 12-இல் நக்கூருவில் வெள்ளை உழவர்களைக் கூட்டி, அஞ்சாமல் இந்நாட்டிலேயே தங்கிப் பயிர்செய்யுங்கள் என்றார். புரளியின் ஆயுள் எத்துணைக் குறுகியது! ஆயின் அது கொண்ட உயிர்கள் மீளவில்லையே.

மொழியே காப்பு

இக்கொடுமைக்கிடையே வளர்ந்த சிறுவன் ஒருவன். 1938-இல் இலிமுரு ஊர்ப்புறத்தே பிறந்தவன். அண்ணன் காட்டுப்படையில்; தாய் காவலர் கையில். பள்ளி விடுமுறைக்கு வந்து பார்த்தால் ஊரே இல்லை; பெயர்த்து விட்டார்கள். கிக்கூயு மக்கள் தாமே நடத்திவந்த பள்ளிகள் நெருக்கடிநிலையில் மூடப்பட்டன. அல்லது ஆங்கிலேயர் மேற்பார்வைக்குள் கொணரப்பட்டன. பள்ளியில் தாய்மொழி பேசிய பிள்ளைக்கு அடி விழுந்தது. 'நான் மூடன்' என்றெழுதிய அட்டை கழுத்தில் தொங்கிற்று. தந்தை கழுத்தில் அடையாளச் சீட்டு. மகன் கழுத்தில் அட்டை!

அச்சிறுவனே கூகி வா தியாங்கோ. ஆங்கிலத்தில் எழுதி உலகப்புகழ் பெற்றபொழுது அவரை எவரும் சிறையிடவில்லை. 1977-இல் கமிரித்து ஊர் உழவரையும் தொழிலாளரையும் கொண்டு கிக்கூயு மொழியிலேயே ஒரு நாடகம் நடத்துவித்தபொழுதுதான், விடுதலை பெற்ற கென்யத்தின் அரசு, கென்யாட்டாவின் அரசு, அவரை உசாவலின்றிச் சிறையிலிட்டது. கழிப்பறைத் தாளில் தம் தாய்மொழியிலேயே புதினம் எழுதினார். பின்னர், புனைவிலக்கியத்திற்குத் தம் மொழியே என்று உறுதிகொண்டார்; 2025 மே 28-இல் மறையும்வரை அவ்வுறுதி வழுவவில்லை. மக்கள் மொழியில் மக்களோடு பேசுகின்றவனைக் கண்டால் வெள்ளை ஆட்சியும் அஞ்சும், கறுப்பு ஆட்சியும் அஞ்சும் என்பதை இவ்வொருவர் வாழ்க்கையே மெய்ப்பிக்கும்.

பெருமக்களே! இவ்வரலாற்றினின்று பெறத்தக்க படிப்பினைகள் மூன்று.

ஒன்று: ஓர் இனத்தின் வெளிப்படையான முறையீட்டை அடைத்த ஆட்சி, மறைவான எதிர்ப்பைத் தானே விதைத்துவிட்டுத் தானே அலறும். ஆகவே பேச்சும் எழுத்தும் கூட்டமும் ஆகிய திறந்த வழிகளைக் காத்தல், ஆளப்படுவோர்க்கு மட்டுமன்றி ஆள்வோர்க்கும் நன்மையே.

இரண்டு: புரளியை ஆய்ந்து பாராமல் பரப்புகின்றவன், அறிந்தோ அறியாமலோ சாக்கினுள் புகுந்து தலையசைப்பவன் ஆகின்றான். பகைவனைப் பற்றிய பொய்யாயினும் பொய் பொய்யே. நம் பக்கத்துச் செய்தி என்பதற்காக எதையும் நம்பிவிடுதல் நம் வழக்கையே வலுவிழக்கச் செய்யும்.

மூன்று: தன்னைத் தான் பெயரிட்டழைக்கும் உரிமையே ஓர் இனத்தின் முதலுரிமை. தன் குறையைத் தன் மொழியில், தன் பெயரில், தன் ஏட்டில் எழுதிவைக்காத இனத்தின் வரலாற்றைப் பிறன் எழுதுவான்; அவன் எழுதுவது குற்றப்பட்டியலாகவே இருக்கும்.

நிலத்தை இழந்தவன் போராடி மீட்கலாம். சொல்லை இழந்தவனோ எதை இழந்தான் என்று சொல்லவும் வழியற்றவன் ஆவான். ஆதலின் சொல்லைக் காப்போம்! சொல்லில் மெய்யைக் காப்போம்!

வாழ்க தமிழ்! வெல்க மெய்ம்மை!